ஊரறிந்த ரகசியம்: கடன் அட்டை மோசடியின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

எட்வர்ட் பெல்லமி என்ற அமெரிக்க எழுத்தாளரை இன்று வாசிப்பவர்கள் குறைவு. ஆனால் 1888இல் வெளியான அவருடைய 'லுக்கிங் பேக்வர்ட்' நாவல் அந்நாளில் லட்சக்கணக்கில் விற்றது. 1887ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் உறங்கப் போகும் ஓர் இளைஞன் 2000ஆம் ஆண்டில் கண்விழிக்கிறான். அவன் காணும் புதிய உலகில் பணம் இல்லை, வறுமை இல்லை, ஆகவே திருட்டும் அநேகமாக இல்லை. நாட்டின் ஆண்டு விளைச்சலில் ஒவ்வொருவருக்கும் சமபங்கு. அந்தப் பங்கைக் குறிக்க ஒரு தடித்த காகித அட்டை. பொருள் வாங்கினால் எழுத்தர் அதன் கட்டங்களில் மதிப்புக்கேற்பத் துளையிடுவார். அந்த அட்டைக்கு நாவலாசிரியர் இட்ட பெயர்தான் 'கிரெடிட் கார்ட்'. பொருள் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் ஒரு நாவலில் பிறந்துவிட்டது. ஒருவருடைய இருப்பை இன்னொருவருக்கு மாற்றித் தர இயலாது, அது முழுக்க முழுக்க ஆளோடு பிணைந்தது என்றும் அந்த நாவலில் ஒரு விளக்கம் வருகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மெய்யான 2000ஆம் ஆண்டு பிறந்து பத்து நாட்களுக்குள் அமெரிக்க நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. 'சிடி யூனிவர்ஸ்' என்ற இணைய இசைத்தட்டுக் கடையிலிருந்து சுமார் 3 லட்சம் கடன் அட்டை எண்களைக் களவாடியதாக 'மாக்ஸஸ்' என்ற புனைபெயரில் ஒருவன் அறிவித்தான். 1 லட்சம் டாலர் கேட்டான். கடை மறுத்தது. அவன் தன் வலைப்பக்கத்தில் அந்த எண்களை ஊராருக்கு விநியோகிக்கத் தொடங்கினான். அந்தப் பக்கம் மூடப்படுவதற்குள் ஏறத்தாழ 25,000 எண்கள் வெளியேறியிருந்தன. பெல்லமி கனவு கண்ட ஆண்டில், ஆளோடு பிணைந்திருக்க வேண்டிய அட்டை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளும் பொருளாகியிருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதே நம் கேள்வி. விடை எளியது, ஆனால் அதன் விளைவுகள் எளியவை அல்ல. கடன் அட்டையின் எண் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அது நம் கணக்கின் பெயர். நம் கணக்கின் சாவியும் அதுவே. பெயர் என்றால் பலரிடம் சொல்லியாக வேண்டும். சாவி என்றால் எவரிடமும் சொல்லக்கூடாது. வீட்டின் கதவு எண்ணே வீட்டுச் சாவியாகவும் இருந்தால் தபால்காரரிலிருந்து பால்காரர் வரை எல்லோர் கையிலும் நம் வீட்டுச் சாவி இருக்கும். கடன் அட்டை மோசடியின் எழுபதாண்டுக் கதை, பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தெடுக்க மனிதர்கள் பட்ட பாட்டின் கதை. பிரிப்பதற்கான செலவு யாருடையது, பிரிக்காததன் நட்டம் யாருடையது என்ற வழக்கின் கதையும்கூட.

*

1950இல் நியூயார்க்கில் தொடங்கிய 'டைனர்ஸ் கிளப்' அட்டை உணவகங்களில் செல்லுபடியானது, அட்டையும் காகிதம்தான். வங்கிகளின் கடன் அட்டை பெருவாரியாகப் புறப்பட்டது 1958 செப்டம்பரில். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 'பேங்க் ஆஃப் அமெரிக்கா' ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே, அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. இதற்கு ஒரு காரணம் இருந்தது. அட்டை வைத்திருப்பவர்கள் இல்லாமல் கடைக்காரர் சேரமாட்டார். கடைகள் சேராமல் மக்கள் அட்டை கேட்கமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க ஓர் ஊரையே ஒரே நாளில் அட்டைதாரர்களாக்கினார்கள். அடுத்த ஓராண்டில் மாநிலமெங்கும் சுமார் 20 லட்சம் அட்டைகள் பறந்தன.

நாலு விழுக்காட்டினர் தவணை தவறக்கூடும் என்று வங்கி கணக்கிட்டிருந்தது. தவறியவர்கள் 22 விழுக்காடு. தபால் பெட்டிகளிலிருந்தே அட்டைகள் திருடப்பட்டன. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மட்டுமே கடைக்காரர் வங்கியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார் என்பதைத் திருடர்கள் வெகு சீக்கிரம் கண்டுகொண்டு, அந்தத் தொகைக்குச் சற்றுக் கீழேயே வாங்கிக்கொண்டு போனார்கள். வங்கி ஒப்புக்கொண்ட நட்டம் மட்டும் 88 லட்சம் டாலர். திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் பதவி விலகினார். அட்டையோ விலகவில்லை, சில ஆண்டுகளில் லாபம் தரத் தொடங்கியது. பின்னாளில் 'விசா' என்று பெயர் மாறியது இந்த அட்டைதான்.

இதே காலத்தில் வேறொரு சிறு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், நீண்ட எண்களை எழுதும்போது நேரும் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு முறையை வகுத்து 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1960இல் கிடைத்தது. எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. ஓர் இலக்கம் தவறினால் கூட்டல் ஒத்துவராது. நம் அட்டையின் 16 இலக்கங்களில் இறுதியானது இவ்வாறு பிறந்ததுதான். இணையக் கடையில் ஓர் எண்ணைத் தவறாக உள்ளிட்டதும் வங்கியைக் கேட்காமலேயே 'செல்லாத எண்' என்று திரையில் வருவதற்கு லூனே காரணம். ஆனால் இது கைத்தவறுக்கு எதிரான காவல். கள்ளத்தனத்துக்கு எதிரானது அல்ல. மனம்போன போக்கில் எழுதப்படும் பத்து எண்களில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். சூத்திரம் தெரிந்தவன் எழுதினால் பத்தும் தேறும். காகிதக் காலத்தில் இது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கணினி வந்தபின் பொருட்டாயிற்று; அதற்குப் பிறகு வருவோம்.

அமெரிக்கப் பாராளுமன்றம் 1970இல் இரண்டு காரியங்கள் செய்தது. கேட்காமல் கடன் அட்டை அனுப்புவதைத் தடை செய்தது. அட்டை திருடு போனால் உரியவர் ஏற்க வேண்டிய நட்டம் அதிகபட்சம் 50 டாலர் என்று வரம்பு கட்டியது. கருணையின் பாற்பட்ட சட்டமாகத் தோன்றும் இந்த இரண்டாவது விதிதான் இக்கதையின் அச்சு. நட்டம் தன்மேல் விழும் என்றானபின் வங்கிகள் மோசடியைக் கண்டுபிடிக்கும் தொழிலில் இறங்கின. இதற்கு எதிர்மாறான பாடத்தைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2001இல் ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார். தானியங்கிப் பண இயந்திரங்களில் பணம் மாயமான வழக்குகளில் அமெரிக்காவில் நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. பிரிட்டனிலோ நெடுங்காலம் 'எங்கள் இயந்திரம் தவறாது' என்ற வங்கியின் சொல்லே வென்றது. கண்டிப்பான பிரிட்டிஷ் வங்கிகளிடம் மோசடி குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. புகாரைத் தள்ளிவிட முடிந்ததால் ஊழியர்களிடம் அசட்டை வளர்ந்தது, மோசடியும் வளர்ந்தது. யாரால் தடுக்க முடியுமோ அவர் தலையில் நட்டம் விழாதவரை பூட்டு மேம்படுவதில்லை.

*

1994 ஆகஸ்ட் 11. 'நெட்மார்க்கெட்' என்ற சிறு நிறுவனத்தின் இணையக் கடையிலிருந்து, பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்றை 12.48 டாலருக்கும் அனுப்பும் செலவுக்கும் ஒருவர் வாங்கினார். அவருடைய அட்டை எண் சங்கேத வடிவில் பயணம் செய்தது. பாதுகாப்பான முதல் இணைய விற்பனை என்று பொதுவாகச் சுட்டப்படுவது இதுதான். கடையை நடத்திய டான் கோனுக்கு அப்போது வயது 21. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் இதைச் செய்தியாக்கியது. ஓர் இசைத்தட்டு விற்றதற்குச் செய்தியா என்று இன்று வியக்கலாம். விற்றது இசைத்தட்டு அல்ல, நம்பிக்கை.

அன்று எல்லோரையும் ஆட்டிய அச்சம் ஒன்றே. கம்பி வழியே செல்லும் எண்ணை நடுவழியில் எவனாவது படித்துவிடுவானோ என்பது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட 'எஸ்எஸ்எல்' முறை இந்த அச்சத்துக்கு மருந்தாயிற்று. உலாவியின் ஓரத்தில் தோன்றிய பூட்டுச் சின்னம் அதன் அடையாளம். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்க்கிலிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஐயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் அந்தப் பூட்டில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். சாவியை உண்டாக்கப் பயன்பட்ட 'தற்செயல்' எண்கள் தற்செயலானவை அல்ல. கணினியின் கடிகார நேரத்திலிருந்தும் இன்னும் இரண்டு எளிதில் ஊகிக்கக்கூடிய எண்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஓட்டை உடனே அடைக்கப்பட்டது.

ஆனால் திருடர்கள் வழியில் காத்திருக்கவே இல்லை. இசைத்தட்டுக் கடையில் 3 லட்சம் எண்கள் போனது வழிப்பறியில் அல்ல, கிடங்கில். பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீன் ஸ்பாஃபோர்ட் இதற்கு ஓர் உவமை சொன்னதுண்டு: அட்டைப்பெட்டிக்குள் குடியிருப்பவனிடமிருந்து பூங்கா பெஞ்சில் உறங்குபவனுக்குக் கவச வண்டியில் செய்தி அனுப்புவது போன்றது இது. பாதை பத்திரம், இரு முனைகளும் திறந்தவெளி. பூட்டுச் சின்னம் இன்றும் அவ்வளவுதான் சொல்கிறது. நம்மிடமிருந்து மறுமுனைக்குப் போகும் பாதை பத்திரமானது என்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. போலிக் கடைகளும் பூட்டை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கின்றன.

*

லூன் சூத்திரத்துக்கு வருவோம். 1990களின் நடுவில் 'அமெரிக்கா ஆன்லைன்' நிறுவனத்தின் சேவையில் சேரக் கடன் அட்டை எண் வேண்டும். 'ஏஓஹெல்' என்ற கள்ள நிரல் ஒன்று, லூன் சோதனையில் தேறும் எண்களைப் பொரி பொரிப்பது போலப் பொரித்துத் தந்தது. அந்த எண்கள் எவருடையவையும் அல்ல. ஆனாலும் நிறுவனம் வங்கியிடம் கேட்டு உண்மையறிவதற்குள் சிறுவர்கள் நாள்கணக்கில் ஓசியில் இணையத்தில் திரிந்தார்கள். 1995இல் நிறுவனம் இந்த வாசலை அடைத்தது.

பொய் எண் செல்லாதென்றான பிறகு மெய் எண் தேவைப்பட்டது. நிறுவன ஊழியரைப் போல நடித்து, 'உங்கள் கணக்கில் ஒரு சிக்கல், சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லையும் அட்டை விவரத்தையும் சொல்லுங்கள்' என்று உடனடிச் செய்தி அனுப்பினார்கள். பலர் சொன்னார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதை ஒத்த இந்தக் கலைக்கு 'ஃபிஷிங்' என்ற பெயர் 1996 ஜனவரியில் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊழியர் எவரும் உங்கள் கடவுச்சொல்லையோ கட்டண விவரத்தையோ கேட்கமாட்டார் என்று அந்த நிறுவனம் செய்திப் பெட்டியிலேயே எச்சரிக்கை எழுதி வைத்தது. இன்று நம் வங்கிகள் வாராவாரம் குறுஞ்செய்தியில் அனுப்பும் வாக்கியமும் இதுவே. முப்பதாண்டுகளாக அதே எச்சரிக்கை. முப்பதாண்டுகளாக அதே தூண்டில். இயந்திரத்தின் ஓட்டையை அடைக்கும் ஒவ்வொரு முறையும் திருடன் மனிதனிடம் திரும்பி வருகிறான் என்பதை இக்கதையின் இரண்டாவது பாடமாகக் கொள்ளலாம்.

*

திருடிய எண்ணை என்ன செய்வது? ஒருவனே 3 லட்சம் எண்களில் பொருள் வாங்கிவிட முடியாது. திருடுபவன் வேறு, வாங்குபவன் வேறு, பொருளைப் பெற்றுக் காசாக்குபவன் வேறு என்று தொழில் பிரிந்தது. பிரிந்த தொழில்களுக்குச் சந்தை தேவைப்பட்டது. 2001 வாக்கில் உக்ரைனின் துறைமுக நகரான ஒடெஸாவை மையமாகக் கொண்டு 'கார்டர்பிளானெட்' உருவானது. ஆங்கிலம் பேசுவோருக்கென 'ஷேடோகுரூ' 2002இல் வந்தது. ஏறத்தாழ 4,000 உறுப்பினர்கள்.

இந்தச் சந்தைகளின் நடைமுறையைப் படிக்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. திருடர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டியிருந்தது. ஆகவே புதிய விற்பனையாளர் தன் சரக்கின் மாதிரியை மூத்தவர்களுக்குக் கொடுத்துத் தரச்சான்று பெற வேண்டும். சரக்கு கைமாறும்வரை பணத்தை நடுவர் வைத்திருப்பார். ஏமாற்றியவன் பெயர் கரும்பட்டியலில் ஏறும். நேர்மையான வணிகத்தின் எல்லாச் சடங்குகளும் அங்கே இருந்தன, நேர்மையைத் தவிர.

2004 அக்டோபர் 26 அன்று அமெரிக்க ரகசியச் சேவைத் துறை ஷேடோகுரூவின் 28 பேரைப் பல நாடுகளில் ஒரே வீச்சில் கைது செய்தது. குறைந்தது 15 லட்சம் எண்கள் அங்கே கைமாறியதாகக் குற்றப்பத்திரிகை கூறியது. வலையை விரித்ததில் பெரும்பங்கு ஆற்றியவன் உள்ளேயே இருந்த ஆல்பர்ட் கொன்சாலஸ். 2003இல் நியூயார்க்கில் பிடிபட்டு அரசுக்கு உளவாளியாக மாறியவன். வேலியே பயிரை மேய்ந்த கதை இதன்பின் தொடங்குகிறது. அரசுக்கு உளவு சொல்லிக்கொண்டே அவனும் கூட்டாளிகளும் கடைகளின் கம்பியில்லா இணைப்புகளில் இருந்த பலவீனத்தைத் தேடி நுழைந்தார்கள். 'டிஜெஎக்ஸ்' என்ற பெரும் கடைத்தொடரிலிருந்து போன அட்டை எண்கள், அந்நிறுவனம் 2007இல் அறிவித்த கணக்குப்படியே 4 கோடியே 57 லட்சம். அடுத்து 'ஹார்ட்லேண்ட்' என்ற பணப்பரிமாற்ற நிறுவனம். 2009 ஜனவரியில் வெளிவந்த அந்தக் களவில் 13 கோடி எண்கள். 2010 மார்ச்சில் கொன்சாலஸுக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இத்தனை எண்கள் ஏன் கிடங்கில் கிடந்தன? வைத்திருப்பதில் கடைக்கு வசதி உண்டு, செலவில்லை. அட்டையின் காந்தப்பட்டையில் உள்ள முழு விவரத்தையும் சேமிக்கக்கூடாது என்ற அட்டை நிறுவனங்களின் விதி இருந்தும் சேமித்தவர்கள் பலர். 2004 டிசம்பரில் அட்டை நிறுவனங்கள் கூடி ஒரு பொதுப் பாதுகாப்பு விதித்தொகுப்பை வெளியிட்டன. அதற்கு முன்பே அட்டையின் முதுகில் மூன்று இலக்கச் சரிபார்ப்பு எண் வந்துவிட்டிருந்தது. அது காந்தப்பட்டையில் இல்லை. கடை அதைச் சேமிக்கவும் கூடாது. கிடங்கு கொள்ளை போனாலும் இந்த மூன்று இலக்கம் தப்பிக்கும் என்பது கருத்து. பெயரிலிருந்து சாவியைப் பிரிக்கும் முதல் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

திருடர்கள் கிடங்கை விட்டுக் கல்லாவுக்கு வந்தார்கள். 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் வலைத்தளத்தில் பயணச்சீட்டு வாங்கியவர்கள் தட்டச்சு செய்த ஒவ்வொன்றும், மூன்று இலக்கம் உட்பட, வேறோர் முகவரிக்கும் ஒரு பிரதி போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் செருகப்பட்டிருந்தது வெறும் 22 வரி நிரல். தளம் மெய்யானது, பூட்டுச் சின்னம் மெய்யானது, வாங்கிய சீட்டும் செல்லுபடியானது. முதல் அறிவிப்பின்படி பாதிக்கப்பட்ட கட்டணங்கள் 3,80,000. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார். இதில் வாங்கியவர் செய்த தவறு எதுவுமில்லை. மோசடிக்கு ஆளானவரைப் பார்த்து 'கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே' என்று சொல்லத் துடிக்கும் நம் நாவை இந்த ஒரு நிகழ்வு அடக்க வேண்டும்.

*

நேரில் நடக்கும் மோசடியைச் சில்லும் ரகசிய எண்ணும் குறைத்தன. பிரிட்டனில் 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் ரகசிய எண் கட்டாயமாயிற்று. அணை கட்டிய நீர் வேறு வழி தேடியது. அட்டை நேரில் இல்லாமல் நடக்கும் விற்பனைகளில் 2004இல் சுமார் 15 கோடி பவுண்டாக இருந்த இழப்பு 2008இல் 32 கோடியைத் தாண்டியது. இணைய வணிகமே அந்த ஆண்டுகளில் பெருகியது என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்; இருந்தாலும் திசை தெளிவு. இத்தகைய விற்பனையில் மோசடி என்று தெரிந்தால் வங்கி பணத்தைக் கடைக்காரரிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். பொருளும் போயிற்று, பணமும் போயிற்று என்று நிற்பவர் சிறு வணிகர். 2001இல் விசா கொண்டுவந்த முறை, வாங்கும் கணத்தில் வங்கியின் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல் கேட்டது. இதை ஏற்ற கடைக்கு ஒரு சலுகை உண்டு: மோசடி நடந்தால் நட்டம் வங்கியைச் சேரும். ஆனாலும் அமெரிக்கக் கடைகள் தயங்கின. கடவுச்சொல் கேட்டால் வாடிக்கையாளர் கூடையை நடுவில் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம். மோசடியைவிட விற்பனை இழப்பு அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

இந்தத் தயக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் முடித்துவைத்த நாடு இந்தியா. 2009 பிப்ரவரி 18 அன்று இந்திய ரிசர்வ் வங்கி, அட்டையின் மேல் அச்சிடப்படாத வேறொரு தகவலால் உறுதி செய்யாமல் இணையத்தில் அட்டை விற்பனை நடக்கக்கூடாது என்று ஆணையிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. முதலில் நிலையான கடவுச்சொல். பிறகு கைப்பேசிக்கு வரும் ஓடிபி. ஐரோப்பா இதையொத்த விதியை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது 2019இல். வணிகர்கள் முணுமுணுத்தார்கள். பணத்தை வெளிநாட்டு வழியாகச் சுற்றிவிட்டு ஓடிபியைத் தவிர்த்தவர்களை 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கண்டித்தது. 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் அட்டை எண்ணையே சேமிக்கக்கூடாது, அதற்குப் பதிலாக அந்தக் கடையில் மட்டும் செல்லும் ஒரு மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அந்த எண் களவு போனாலும் வேறெங்கும் உதவாது. பெயரும் சாவியும் ஒருவழியாகப் பிரிந்தன.

பிரிந்த சாவி நம் கையில் இருக்கிறது. ஆகவே திருடன் இப்போது நம்மைத் தேடி வருகிறான். முப்பதாண்டுக்கு முந்தைய அதே தூண்டில்தான். மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, வெகுமதிப் புள்ளிகள் காலாவதியாகின்றன என்று புழு மட்டும் மாறுகிறது. சாவியை நாமே கொடுத்துவிட்டால் சட்டத்தின் பார்வையும் மாறிவிடுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டமே இல்லை என்று வகுத்தது. வாடிக்கையாளரே ரகசியத்தைப் பகிர்ந்திருந்தால், அவர் தெரிவிக்கும் கணம்வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பின் நடப்பது வங்கியுடையது.

இந்தக் கடைசி வரியின் கனம் நமக்கு ஒரு நண்பரால் விளங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆயிரம் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். தொலைபேசியில் பேசிய குரலை நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டார். பணம் போனது தெரிந்தும் மகனிடம் சொல்லவில்லை, வங்கியிடம் சொல்லவில்லை. 'என்னைப்போல ஒருத்தன் ஏமாறலாமா' என்ற வெட்கம். ஐந்தாம் நாள் அதே குரல் மீண்டும் அழைத்து, போன பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இன்னொரு ஓடிபி கேட்டது. அவர் அதையும் சொன்னார். முதல் இழப்பு திருடனால் நேர்ந்தது. இரண்டாவது வெட்கத்தால் நேர்ந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஆகவே செய்யத்தக்கவற்றை இந்த வரலாற்றின் வரிசையிலேயே சொல்லிப் பார்க்கலாம். அட்டை எண் உறங்கும் கிடங்குகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒருமுறை மட்டும் வாங்கப்போகும் கடையில் அட்டையைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. இணையத்துக்கென்று குறைந்த வரம்புள்ள அட்டை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் வேண்டாதபோது அணைத்துவைக்கும் வசதியை 2020 முதல் நம் வங்கிகள் தந்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களுக்கு எதிரான நல்ல தாழ்ப்பாள் அதுதான். கடைக்குச் செய்தியில் வந்த இணைப்பின் வழியே போகாமல் முகவரியை நாமே உள்ளிட்டுப் போவது நல்லது. பூட்டுச் சின்னத்தைப் பாதைக்கான சான்றாக மட்டும் கொள்ள வேண்டும். ஓடிபி வரும்போது ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்காமல், எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகைக்கு என்ற வரியையும் படிக்க வேண்டும். பணம் பெறுவதற்கு ஓடிபி தேவையில்லை. கணக்கில் ஒரு ரூபாய், ஒரு டாலர் என்று காரணமற்ற சிறு செலவு தென்பட்டால், யாரோ சாவியைத் திருகிப் பார்க்கிறான் என்று பொருள். வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் அட்டையின் முதுகில் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தும் ஒருநாள் போகக்கூடும். போனால் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்க வேண்டும். 1930 என்ற எண்ணில் சைபர் குற்ற உதவி மையத்துக்கும் சொல்ல வேண்டும். வங்கிகளும் கடைகளும் திருடர்களும் அரசுகளும் சேர்ந்து எழுபதாண்டுகள் எழுதிய கதை இது. அதன் கடைசிப் பக்கத்தில் வந்து அகப்பட்டுக்கொண்டவர் தன்னை மட்டும் குற்றவாளியாக நினைத்து வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதே' என்று ஆயிரம் முறை சொல்லிவிட்டோம். 'சொல்லிவிட்டால், உடனே என்னிடம் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்' என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கிறோமா?